முப்பிடாதி வாங்கிக் கொடுத்த வெளிச்சம்

செவல்குறிச்சியின் டிரான்ஸ்பார்மர் வெடித்து, அதில் கூடு கட்டியிருந்த காக்கையும் சேர்ந்து கருகி, புது டிரான்ஸ்பார்மரை மேலத்தெருவில் நிறுத்துவதா கீழத்தெருவில் நிறுத்துவதா என்று இரண்டு தெருவும் மாறி மாறி மனுக் கொடுத்து, ஒரு தெரு கொடுத்த மனுவை மறுதெரு தடுத்து, அந்த வீம்பிலேயே ஊர் மூன்றாவது கோடையையும் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு கிடந்த காலத்தில், ஆவுடையப்பன் மகள் முப்பிடாதி ஹங்கேரி தேசத்துத் தலைநகரத்தில், பெயரை யாருமே சரியாக உச்சரிக்காத ஒரு விளையாட்டு அரங்கத்தில், தன்னைவிட ஒரு முழம் உயரமான ஒரு பெண்ணிடம் வாள்சண்டைப் போட்டியில் முதல் வெட்டை இடது தோளில் வாங்கினாள். அந்த நொடியில் செவல்குறிச்சியின் விளக்குகள் அத்தனையும் எரிந்தன.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. கரண்ட் வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பழக்கம் அந்த ஊருக்கு எப்போதும் இருந்ததில்லை. சீக்கிரம் மாவாட்டிக்கொள்ள வேண்டும், சீக்கிரம் மோட்டார் போட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரி நிரப்புவதற்கு முன்னால் தொட்டியை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஸ்விட்சை அணைக்க மறந்திருந்த வீடுகளில் மின்விசிறிகள் தூசியை உதறிக்கொண்டு சுற்றின. ஆவுடையப்பனின் மாவு மில்லில் பெல்ட் தானாகக் கிளம்பி, தானியம் கொட்டுகிற வாய்ப்பெட்டியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த பல்லிகள் தெறித்து ஓட, அவர் பீடியை எறிந்துவிட்டு, "யாரும்மா மொத ஆளு, மிளகாயா மல்லியா?" என்று தெருவைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார். மகள் மேல் வெட்டு விழுந்த அந்த முதல் சாயங்காலம் அவர் அரைத்தது மிளகாய்.

முப்பிடாதி வாள் பிடித்ததில் ஊருக்குப் பங்கு எதுவும் கிடையாது. அரசுப் பள்ளிக்கூடத்துக்கு ஹாக்கி மட்டை வேண்டும் என்று எழுதிப் போட்டதற்கு, எங்கேயோ சீட்டு மாறி, ஒரு மரப்பெட்டி நிறைய சேபர் வாள்களும் கம்பிவலை முகமூடிகளும் வந்து இறங்கின. சத்துணவு ஆயா மிளகாய் வறுக்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு முகமூடியை எடுத்துக்கொண்டாள். தேன் எடுக்கிறவர்கள் நாலைந்தைக் கொண்டுபோனார்கள். தலைமையாசிரியர் முருங்கைக்காய் பறிக்கத் தோதாக இருக்கிறதென்று நீளமான வாளாகப் பார்த்து வீட்டுக்கு எடுத்துப்போனார். மிஞ்சிக் கிடந்த ஒன்றை ஏழாம் வகுப்பு முப்பிடாதி எடுத்து ஒரு சுழற்று சுழற்றினாள். காற்று கிழிபடுகிற சத்தம் அவளுக்குப் பிடித்துப்போனது. பெட்டியோடு வந்த படப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நிற்கவும் பாயவும் பின்வாங்கவும் படித்தாள். குத்தினாலும் கணக்கு, வெட்டினாலும் கணக்கு. இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் ஒரு புள்ளி. பட்டதும் சட்டையில் ஓடுகிற கம்பி வழியாகச் சேதி போய் மேசைமேல் இருக்கிற பெட்டியில் விளக்கு எரியும். விளையாட்டு இவ்வளவுதான். மாவட்டத்தில் எதிர்த்து நிற்க ஆளில்லாமல் ஜெயித்தாள், மாநிலத்தில் ஆள் இருந்தும் ஜெயித்தாள், கேரளத்தில் ஒரு பயிற்சி விடுதியில் இடம் கிடைத்துப் போனாள், இருபத்து மூன்று வயதில் இந்தியச் சட்டை போட்டுக்கொண்டு விமானம் ஏறினாள்.

இத்தனைக்கும் ஊர் கொடுத்தது சிரிப்பு ஒன்றுதான். "கத்திக்காரி" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். "கறிக்கடையில சேத்துவிடும் அண்ணாச்சி, சம்பாத்தியமாவது வரும்" என்று ஆவுடையப்பனிடம் யோசனை சொன்னார்கள். "இவளக் கெட்டுதவன் தலைக்கவசம் போட்டுக்கிட்டுல்லா படுக்கணும்" என்று பொம்பளைகள் குழாயடியில் சொல்லிச் சிரித்தார்கள். பேரூராட்சித் தலைவர் கொம்பையா, அவள் விமானம் ஏறப்போகிற வாரத்தில் ஒரு வாழ்த்துப் போஸ்டராவது ஒட்டலாமே என்று கேட்கப் போன உலகம்மாளிடம், "ஓடுறது, தாண்டுறதுன்னா ஒரு இது இருக்கு. இது என்னம்மா, ராசா காலத்து வேல" என்று கொட்டாவி விட்டார். உலகம்மாள் முப்பிடாதியின் அம்மா. கொட்டாவி முடிகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

முதல் போட்டியில் முப்பிடாதி மோசமாகத் தோற்றாள். அடுத்ததிலும் தோற்றாள். விடுதியில் பயிற்சியின்போது விழுந்த வெட்டுகளுக்கு ஊரில் ஒரு குண்டு பல்புகூட மினுங்கவில்லை. ஆனால் நடுவர் நின்று, கொடி பறந்து, எதிரே வேற்று தேசத்துக்காரி நின்று விழுகிற ஒவ்வொரு வெட்டுக்கும் செவல்குறிச்சியில் ஒரு பொழுது கரண்ட் அணையாமல் எரிந்தது. ஒரு ஆட்டம் பதினைந்து புள்ளி. ஒரு ஆட்டத்தை முழுசாகத் தோற்றாளென்றால் ஊருக்கு ஒரு வாரம் தாங்கியது.

முடிச்சை அவிழ்த்தவர் ஆவுடையப்பன்தான், அதுவும் வெகுளித்தனமாக. மகள் போட்டி முடிந்ததும் போன் பண்ணி, "எப்பா, நம்மூரு நேரத்துக்கு அஞ்சே காலுக்கு நின்னேன், அஞ்சரைக்கெல்லாம் முடிச்சு அனுப்பிட்டாவ" என்று சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லுகிற அதே நேரத்துக்கு மில் ஓட ஆரம்பித்திருக்கும். இதை அவர் டீக்கடையில் ஒரு வேடிக்கையாகச் சொல்ல, கேட்ட கொம்பையா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். சார்ஜாவில் வேலை பார்த்த தன் மைத்துனனை அடுத்த போட்டியைக் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொல்லி, பேரூராட்சி ஆபீஸ் தரைவழிப் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாமா, இந்தா விழுந்திட்டு," என்றான் மைத்துனன்.

ஆபீஸ் குழல்விளக்கு எரிந்தது.

"இன்னொண்ணு. நல்ல அடி மாமா. மொகமூடியில."

குழல்விளக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளையானது. கொம்பையா போனை வைத்துவிட்டு, சுவரில் இருந்த எல்லாத் தலைவர்கள் படத்தையும் பார்த்து ஒரு பொதுக்கும்பிடு போட்டார்.

அதற்குப் பிறகு ஊர் எவ்வளவு சீக்கிரம் தேறியது என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பீர்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒன்று கூடி, இனி டிரான்ஸ்பார்மர் வேண்டாம் என்று ஒரே குரலில் தீர்மானம் போட்டன. அந்த ஊர் வரலாற்றில் இரண்டு தெருவும் சேர்ந்து கை தூக்கியது அதுதான் முதல் தடவை. சர்வதேச வாள்சண்டைப் போட்டிகளின் அட்டவணை பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. முகூர்த்தம் பார்க்கிறவர் அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்துக்கு நாள் குறித்தார். கோயில் கொடைக்கு மைக்செட் கட்டுகிறவர் இத்தாலியில் எப்போது போட்டி என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் வாங்கினார். டீக்கடையில் எதிராளிகளைத் தரம் பிரித்தார்கள்: கொரியாக்காரி வெட்டு விசுக்கென்று விழும், வோல்டேஜ் நிற்காது, பிரெஞ்சுக்காரி வெட்டு நிதானம், மோட்டார் போட ஏற்றது, ருமேனியாவில் ஒருத்தி இருக்கிறாள், அவள் கை இறங்கினால் ஏசியே ஓடும். அந்த ருமேனியாக்காரியின் பெயரைக் கீழத்தெருவில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு வைத்தார்கள். கொம்பையா பத்து லாரி உருளைக்கிழங்கு அடைக்கிற குளிர்பதனக் கிடங்கு ஒன்றைக் கட்டினார். யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில தடுப்பூசி வைக்கணும்லா, அதுக்குத்தான் இவ்வளவு பாடு" என்றார். ஆஸ்பத்திரியோ மத்தியானத்தோடு பூட்டு.

முப்பிடாதிக்கு இதெல்லாம் தெரியாது. தோற்றுவிட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் மேளம் அடித்தார்கள். தோள்பட்டையிலும் முன்கையிலும் வெட்டு விழுந்த இடமெல்லாம் நாவல்பழமாகக் கன்றிப்போயிருக்க, அதன்மேல் மாலை போட்டார்கள். குழாயடியில் சிரித்தவளெல்லாம் அத்தையானாள், கொம்பையா மாமாவானார். எந்தத் தேசத்தில் எந்த மூலையில் போட்டி நடந்தாலும் அவளை அனுப்பிவைக்க ஊர் முந்திக்கொண்டது. அவள் படம் போட்ட பிளக்ஸில், வாளை ஓங்கியபடி அவள் நிற்க, கீழே ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் வட்டவட்டமாகச் சிரித்தார்கள். தோற்றவளை இப்படித் தாங்குகிற ஊர் உலகத்தில் வேறு உண்டா என்று விடுதியில் தோழிகளிடம் சொல்லி அவள் கண் கலங்கியிருக்கிறாள். அந்தக் கண்ணீரை நினைத்து அவள் பின்னால் பட்ட அவமானம், எந்த வெட்டு விழுந்தும் பட்டதில்லை.

ஜெயித்த அன்றைக்குத்தான் விளங்கியது. தாஷ்கண்டில் ஒரு போட்டி. கால் இறுதியில் ஆரம்பித்து அவள் கை தன்பாட்டில் ஓடியது. எதிராளி யோசிக்கிறதற்கு முன்னால் அவள் வாள் போய் வந்திருந்தது. தங்கப் பதக்கத்தோடு முடிந்தது. அவள் வாழ்க்கையில் முதல் சர்வதேசப் பதக்கம். மறுநாள் சாயங்காலம் செவல்குறிச்சியில் ஒரு கல்யாண வரவேற்பு நடுவில், பாட்டுக் கச்சேரிக்காரர் உச்சஸ்தாயியில் இருந்தபோது, அவள் வாங்கியிருந்த ஓரிரண்டு வெட்டின் கரண்ட் தீர்ந்துபோய், தொண்டை மட்டும் தனியாக இருட்டில் கேட்டது.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு நாய்கூட எழுந்து நிற்கவில்லை. மேலத்தெரு வழியாக நடந்தாள். கதவுகள் சாத்தினாற்போல் இருந்தன. கல்யாண வீட்டு வாசலில் நின்ற பெண்ணின் தாயார் மட்டும், "வாம்மா கத்திக்காரி, இப்ப திருப்திதான?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

உலகம்மாள் அடுப்படியில் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கப் பளபளவென்று எரிந்த நாட்களிலும் அந்த அடுப்படியில் மட்டும் அவள் ஸ்விட்சைத் தொட்டதில்லை.

"எம்மா, ஊருக்கு என்ன ஆச்சு? நான் என்ன தப்புச் செஞ்சேன்?"

"ஜெயிச்சிட்ட, அதான் தப்பு." உலகம்மாள் மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். "ஒவ்வொரு வெளக்கு எரியும்போதும் எம்பிள்ளைக்கு அடி விழுதேன்னு வயித்தப் பிடிச்சிட்டு இந்த இருட்டுக்குள்ள உக்காந்திருப்பேன். வெளிய பட்டாசு வெடிப்பானுவ."

 முப்பிடாதி பதக்கத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து மில்லுக்குப் போனாள். ஆவுடையப்பன் ஓடாத மெஷினுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் அவர் கண் முதலில் பதக்கத்தைத் தேடவில்லை, மில் வாசலில் வரிசையாக நின்ற தூக்குச்சட்டிகளையும் டப்பாக்களையும்தான் பார்த்தது.

"எப்பா, உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும் தாயி."

"தெரிஞ்சுமா அரைச்சிய?"

அவர் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார். தட்டத் தட்ட அது போகவில்லை. "நான் அரைக்காட்டியும் ஒனக்கு அடி விழத்தான செய்யும். விழுந்த அடி வீணாப் போகாண்டாம்னு..."

அவள் சிரித்தாள். அவர் அதுவரை கேட்டறியாத சிரிப்பு அது. அதைத் தாங்கமாட்டாமல் அவர், கொம்பையா அன்று காலையில் தனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பேச்சை எடுத்தார். "மக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. ஆட்டம் பதினஞ்சு புள்ளிதான? நீ பதினாலு வெட்டு வாங்கிக்கோ. அப்புறம் பதினஞ்சாவத நீ போட்டு ஜெயிச்சிரு. ஒனக்கும் பதக்கம், ஊருக்கும் வெளிச்சம். ஒருத்தருக்கும் நட்டமில்ல பாரு."

மறுநாள் பேரூராட்சிக் கூட்டத்தில் இதையே கொம்பையா எல்லோரும் கேட்கச் சொன்னார். "மருமவளே, தோக்கச் சொல்லல நாங்க. தோக்கச் சொல்லுத அளவுக்கு மனசாட்சி இல்லாதவங்களா நாங்க? பதினாலு வாங்கு, பதினஞ்சு குடு. ஆஸ்பத்திரிய நெனச்சுப் பாரு." கூட்டம் கை தட்டியது. தங்கள் பெருந்தன்மையை நினைத்துச் சிலர் உருகியே போனார்கள்.

முப்பிடாதி அதற்கு ஒத்துக்கொண்டாள். ஊருக்காக இல்லை. மாவு ஒட்டிய அந்தக் கைகளுக்காக ஒரு வருஷம் அந்தக் கூத்தை ஆடிப் பார்த்தாள். ஜெயிக்கக்கூடிய ஆட்டங்களில் தோளைக் காட்டினாள், விலாவைத் திறந்தாள், வருகிற வாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாள்சண்டையில் வெட்டு வாங்குவது எளிது என்று கொம்பையா நினைத்திருந்தார். தடுக்கத் தெரிந்த கையைச் சும்மா வைத்திருப்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது. பதினாலு வாங்கினபிறகு பதினைந்தாவதை எதிராளியும் சும்மா கொடுக்கமாட்டாள். பாதி ஆட்டங்கள் கைவிட்டுப் போயின. தரவரிசையில் அவள் பெயர் படியிறங்கிக்கொண்டே போனது. பயிற்சியாளர் அம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு உடம்பிலா, மனசிலா, எங்கே வியாதி?" என்று மலையாளத் தமிழில் கேட்டாள். "ஊர்ல," என்றாள் முப்பிடாதி.

ஆனால் அந்த ஒரு வருஷத்தில், வாள் தன்மேல் விழுவதைக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றதில், அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. ஒவ்வொரு வெட்டும் கிளம்புவதற்கு முன்னால் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கொரியாக்காரிக்குப் பின்காலில், பிரெஞ்சுக்காரிக்கு மூச்சில், ருமேனியாக்காரிக்கு மணிக்கட்டு திரும்புவதற்கு ஒரு இமை முன்னால் அவள் முகவாயில். தடுக்கிறவர்களும் பாய்கிறவர்களும் பார்க்க நேரமில்லாததை, வாங்கிக்கொண்டே நின்றவள் பார்த்துவிட்டாள்.

நாலு வருஷத்துக்கு ஒருமுறை உலகமே கூடி நடத்துகிற பெரிய போட்டிக்குத் தகுதி பெற, ஆசியாவுக்கென்று ஒரு கடைசிப் போட்டி ஜப்பானில் வைத்தார்கள். ஒருத்திக்குத்தான் இடம். செவல்குறிச்சியில் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பெரிய திரை கட்டி, மைக்செட் வைத்து, நாற்காலி போட்டு, ஐஸ்கிரீம் வண்டிகளுக்குக்கூட இடம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். திரை எரிய வேண்டுமென்றால் கரண்ட் வேண்டும். கரண்ட் வர வேண்டுமென்றால் அவள்மேல் வெட்டு விழ வேண்டும். இருந்த மிச்சமெல்லாம் காலையிலேயே கொம்பையாவின் உருளைக்கிழங்குகள் குடித்துத் தீர்த்திருந்தன. ஆகவே முதல் வெட்டு விழட்டும், படம் தெரியும் என்று கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

விமானம் ஏறும் முன் அவள் அப்பாவுக்கு ஒரு போன் பண்ணியிருந்தாள். "எப்பா, இந்தத் தடவ டப்பாவ ஒருத்தர்கிட்டயும் வாங்கி வைக்காதிய," என்றாள். அவர் எதற்கென்று கேட்கவில்லை. "சரி தாயி" என்றார்.

ஜப்பானில் காலையிலிருந்து அவள்மேல் இரும்பு படவில்லை. முதல் சுற்றில் படவில்லை, இரண்டாவதில் படவில்லை. நடுவர் உடுப்பில் கம்பி சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை நிறுத்திச் சோதித்தார், சரியாகத்தான் இருந்தது. எதிரே வந்தவர்கள் பாய்ந்தார்கள், பாய்ந்த இடத்தில் அவள் இல்லை. பின்வாங்கினார்கள், பின்வாங்கிய இடத்தில் அவள் வாள் இருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் முகமூடிக்குள்ளிருந்து அவள் கத்தின கத்தலில் தோற்ற பெண்கள் அல்ல, வேறு யாரோ தொலைவில் இருக்கிறவர்கள் திட்டு வாங்குவதுபோல் இருந்தது என்று பயிற்சியாளர் அம்மாள் பின்னால் சொன்னாள்.

மண்டபத்தில் வேர்த்து ஒழுகியது. கொம்பையா தரைவழிப் போனை நீளக் கம்பி போட்டு மேடைக்கே கொண்டுவந்திருந்தார்.

"என்னல ஆச்சு?"

"கடைசி ஆட்டம் மாமா. பதினொண்ணு."

"யாருக்கு?"

"நம்ம புள்ளைக்குத்தான்."

"அந்தப் பக்கம்?"

"சுழி மாமா."

கூட்டத்தில் யாரோ "அடப் பாவி" என்றார்கள். ஐஸ்கிரீம் உருகி வண்டிக்கு அடியில் ஓடி, எறும்பு வர ஆரம்பித்திருந்தது. பிள்ளையார் கோயில் பூசாரியைக் கூப்பிட்டு, ஒரு வெட்டாவது விழ வேண்டும் என்று சூடம் ஏற்றச் சொன்னார்கள். அவரும் ஏற்றினார். மண்டபத்தில் அன்று எரிந்தது அது ஒன்றுதான்.

"முடிஞ்சிட்டு மாமா," என்றான் மைத்துனன். அவன் குரல் அழுகிறாற்போல் இருந்தது. அவன் மட்டும்தான் அவள் ஆடியதைப் பார்த்திருந்தான். "பதினஞ்சுக்குச் சுழி. அரங்கத்துல எல்லாவனும் எந்திரிச்சு நிக்கான் மாமா. நானும் இங்க நிக்கேன்."

"நீ எதுக்குல நிக்க, கிறுக்குப் பயலே," என்று கொம்பையா போனை வைத்தார்.

ஒரு வாரம் ஊர் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் நின்று ஏசியது. கிடங்கில் உருளைக்கிழங்கு அழுகி, அந்த நாற்றம் மேலத்தெரு கீழத்தெரு என்று பேதம் பார்க்காமல் எல்லா வீட்டுக்குள்ளும் போனது. நாற்றம் செய்த புண்ணியத்தில் ஊருக்குப் புத்தி வந்தது. புது டிரான்ஸ்பார்மர் கேட்டு மனுப் போட்டார்கள், எங்கே நிறுத்துவது என்கிற சண்டை அரைமணி நேரத்தில் தீர்ந்தது, அடுத்த மாதமே வந்து நின்றது. வேறெங்கும் இல்லை, கொம்பையாவின் கிடங்குக்கு எதிரே. "போராடிப் பெற்றுத் தந்த" என்று தொடங்கி அவர் பிளக்ஸ் வைத்தார். முப்பிடாதி படம் இருந்த பழைய பிளக்ஸைக் கிழித்து ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டிருந்தார்கள். இனி அந்தக் கத்திக்காரி ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று ஊர் கால் நீட்டிப் படுத்தது.

பெரிய போட்டி வந்தது. முப்பிடாதி முதல் ஆட்டத்தைத் தன்மேல் ஒரு வெட்டும் படாமலே ஜெயித்தாள். இரண்டாவதில் எதிரே நின்றவள் அந்த ருமேனியாக்காரி. யாருக்காகவும் தோளைக் காட்டாமல், யாரையும் நினைக்காமல், முப்பிடாதி தன் ஆயுசிலேயே நல்ல ஆட்டத்தை ஆடினாள். ருமேனியாக்காரியும் அப்படித்தான் ஆடினாள். ஒரு வெட்டுக்கு ஒரு வெட்டு என்று ஏறி, பதினாலுக்குப் பதினாலில் வந்து நின்று, கடைசி வெட்டில் இரண்டு பேர் வாளும் ஒன்றாகப் போய், நடுவர் ருமேனியாக்காரி பக்கம் கையைக் காட்டினார். முகமூடியைக் கழற்றி இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். முப்பிடாதிக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அது சுத்தமான வருத்தம், அவளுக்கே சொந்தமானது, அதில் வேறு ஒருவனுக்கும் பங்கில்லை. அப்படி ஒரு தோல்வி தனக்கு முன்னால் கிடைத்ததேயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

செவல்குறிச்சியிலோ, புது டிரான்ஸ்பார்மர் கரண்ட் வீடெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, அதன் தலைமேல் இந்தப் பதினைந்து வெட்டும் வந்து இறங்கின. முதல் வெட்டுக்குப் பல்புகள் வெடித்தன. நாலாவதுக்கு டிவிகள். எட்டாவதுக்கு மேலத்தெரு மிக்ஸிகள் ஜாரோடு எழும்பி உத்திரத்தில் முட்டின. ருமேனியாக்காரியின் கை நன்றாக இறங்கிய ஒரு வெட்டுக்குக் கொம்பையாவின் குளிர்பதனக் கிடங்கு அடுப்பாகி, புது லோடு உருளைக்கிழங்கு மொத்தமும் ஒரே அவியலாக வெந்தது. வாசனை நன்றாக இருந்தது என்று சொன்னவர்களும் உண்டு.

அவள் ஊருக்கு வந்தபோது பஸ் நிற்கிற இடத்தில் மேளம், மாலை, பிளக்ஸ். "வெற்றி ஒன்றே பெற வேண்டும், மகளே" என்று எழுதியிருந்தது. கொம்பையா கருகின புருவத்தோடு முன்னால் வந்தார்.

"மருமவளே, நடந்தது நடந்துபோச்சு. இனிமே நீ ஜெயிக்கணும். ஒரு வெட்டுகூட வாங்கப்படாது. ஊரே உனக்காக வேண்டிக்கிட்டிருக்கு. ஆஸ்பத்திரில ஒரு ஊசி மருந்து மிஞ்சல பாத்துக்கோ."

"ஆமா தாயி, ஜெயிக்கணும்," என்றார்கள் அத்தைமார்கள். "அந்த ஜப்பான்ல ஆடினியே, அந்த மாதிரி."

"அத நீங்க பாத்தியளா?" என்று கேட்டாள் முப்பிடாதி.

கொம்பையா மாலையை நீட்டினார். அவள் மாலையை வாங்கிக்கொள்ளவில்லை. வாள்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எந்த வெட்டு எங்கிருந்து கிளம்பும் என்று பார்க்கப் பழகின அந்தக் கண்ணுக்கு, அந்த முகங்களைப் படிப்பது கடினமாக இல்லை.

"அடுத்த மாசம் போலந்துல போட்டி இருக்கு," என்றாள். "ஜெயிக்கிறதும் தோக்கிறதும் என் பாடு. நீங்க மெயின அணைச்சுப் போட்டு உக்காந்துக்கிடுங்க."

அப்படியே உட்கார்ந்தார்கள். பெரிய போட்டிக்குப் பிறகு அவள் வெட்டுக்கு வருகிற கரண்ட் பழையபடி அடங்கி எரியவில்லை, டிரான்ஸ்பார்மர் ஓடாவிட்டாலும் பட்டதையெல்லாம் வெடிக்க வைத்துவிட்டுத்தான் போனது. அன்று முதல் முப்பிடாதிக்குப் போட்டி உள்ள நாளிலெல்லாம் செவல்குறிச்சியில் தண்டோரா போட்டு, எல்லா வீட்டிலும் தங்கள் கையாலேயே மெயினை இறக்கி, டிரான்ஸ்பார்மரின் பீஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு, மேலத்தெருவும் கீழத்தெருவும் சாயங்காலம் முழுக்க வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அவள் ஜெயித்தாளா தோற்றாளா என்று தெரியாமல் இருட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தெரிந்துகொள்ள அவர்களில் யாருக்கும் ஆசையும் இல்லை.

மாவு மில்லில் மட்டும் ஆவுடையப்பன் மெயினை இறக்கவில்லை. மெஷினிலிருந்து பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, நடுவில் ஒரே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அதற்குக் கீழே ஒரு பெட்டி புதுப் பல்புகளோடு உட்கார்ந்திருந்தார். பீஸ் பிடுங்கின ஊரில் அந்தப் பல்பு எரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கொஞ்ச நேரத்தில் உலகம்மாளும் வந்து பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தாள். பல்பு குபீரென்று எரிந்து, ஒரு கணம் மில் முழுக்க வெள்ளையாகி, படாரென்று வெடித்தது. ஆவுடையப்பன் தன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பலமாவா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"இல்ல, லேசாத்தான். தடுத்திருக்கா, தப்பி வந்து பட்டிருக்கு." அவர் எழுந்து, விரலில் கண்ணாடிச் சில்லு குத்தினதைப் பார்க்காமல், தடவித் தடவி அடுத்த பல்பை மாட்டினார். பிறகு இரண்டு பேரும் அது எரிந்துவிடக்கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.